அம்புக்குறி இல்லாத எண்

அன்புள்ள கயல்விழிக்கு,

ஐ.சி.யூ.வில் டூட்டி போட்டிருக்கிறார்கள், ஏபிஜி (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) சீட்டைக் கையில் வாங்கினாலே படபடக்கிறது என்று எழுதியிருந்தாய். படபடப்பு இருக்கட்டும், நல்லதுதான். இயல்பு எல்லைக்குள் இருப்பதால் சீட்டில் அம்புக்குறி இல்லாத எண்ணைக் கண்டதும் நிம்மதியாகிவிடுகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

பி.எச். 7.35 முதல் 7.45, கரியமில வாயு அழுத்தம் 35 முதல் 45, பைகார்பனேட் 22 முதல் 26. இது உனக்கு மனப்பாடம். ஆனால் இவை நோயில்லாமல் அமைதியாக மூச்சு விடுகிறவருக்கான அளவுகள். உன் முன்னால் படுத்திருப்பவருக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதே நீ கேட்க வேண்டிய கேள்வி.

கடும் ஆஸ்துமாவோடு ஒரு பையன் வருகிறான் என்று வைத்துக்கொள். நிமிடத்துக்கு 35 தடவை மூச்சு வாங்குகிறது, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை. அப்படி இரைக்கிறவன் கரியமில வாயுவை ஊதித் தள்ளியிருப்பான்; அது 35க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். சீட்டில் 40 என்று வந்தால் மெஷின் அதைச் சரி என்றே அச்சடிக்கும். அவனுக்கோ மூச்சுத் தசைகள் தளர ஆரம்பித்துவிட்டன என்று பொருள். அந்த 40ஐப் பார்த்ததும் சீனியரையும் மயக்க மருந்து டாக்டரையும் கூப்பிடு, தயங்காதே.

சர்க்கரை ஏறி, கீட்டோன் சேர்ந்து, ஆழமாக மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவர்களிடமும் இதே கதைதான். பைகார்பனேட் 10 என்றால் அதை ஒன்றரையால் பெருக்கி எட்டைக் கூட்டு: 23. இரண்டு முன்னே பின்னே இருக்கலாம். கரியமில வாயு அந்த அளவுக்கு இறங்கியிருந்தால் நுரையீரல் தன் வேலையைச் செய்கிறது. 34 என்று வந்தால்? இயல்பு எல்லையை ஒட்டிய எண்தான். பி.எச். மட்டும் 7.1க்குப் போயிருக்கும். நிமோனியாவா, மயக்கமா, களைப்பா, பொட்டாசியம் குறைந்து தசை வலுவிழந்ததா என்று உடனே தேடு.

1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது பெரிய டாக்டர்களே இப்படி எண்ணை மட்டும் பார்த்துத் தடுமாறினார்கள். மூச்சுத் தசை செயலிழந்த நோயாளிகளின் ரத்தத்தில் பைகார்பனேட் ஏறியிருந்தது. காரணம் தெரியாத காரத்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர்தான், வெளியேற வழியில்லாமல் கரியமில வாயு தேங்குவதால் அது ஏறுகிறது என்றார். பி.எச்.சை அளந்து பார்த்ததில் ரத்தம் அமிலமாகவே இருந்தது. தொண்டையில் துளையிட்டுக் குழாய் போட்ட பிறகு, மருத்துவ மாணவர்கள் முறை வைத்து ராப்பகலாகக் கையால் பை அழுத்தினார்கள். சாவு வெகுவாகக் குறைந்தது. உன் வயதுப் பிள்ளைகள் செய்த வேலை அது. நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

ஆனியன் இடைவெளியையும் ஒவ்வொரு தடவையும் போட்டுப் பார். சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் வருவது. ஏறத்தாழ 8 முதல் 12 வரை இருக்கும். ஆல்புமின் குறைந்தவரிடம் இதுவும் ஏமாற்றும். 4 கிராமுக்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் இரண்டரையைக் கூட்டிக்கொள். ஈரல் நோயாளிகளிடமும் நாட்பட்டுப் படுக்கையில் கிடப்பவர்களிடமும் இதை விட்டுவிட்டால், ஏறியிருக்கும் லாக்டேட் கண்ணில் படாமலே போய்விடும். பி.எச். 7.40 இருந்தும் இடைவெளி 25 என்றால், அமிலமும் வாந்தியால் வந்த காரமும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருக்கலாம்.

ரத்தம் எடுப்பதையும் சாதாரணமாக நினைக்காதே. மணிக்கட்டுத் தமனியில் ஊசி போகும்போது நன்றாக வலிக்கும். நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. சிரிஞ்சில் காற்றுக் குமிழி இருந்தால் உடனே வெளியேற்று, இல்லாவிட்டால் ஆக்சிஜன் அளவு பொய் சொல்லும். ஊசி எடுத்த இடத்தை ஐந்து நிமிடம் நீயே அழுத்திப் பிடி, உறவினர் கையில் பஞ்சைக் கொடுத்துவிட்டு ஓடாதே. எவ்வளவு ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது என்பதைச் சீட்டிலேயே எழுது. அது இல்லாமல் ஆக்சிஜன் எண்ணை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

நைட் டூட்டியில் சாப்பிடாமல் இருக்காதே. குழப்பமான சீட்டு ஏதாவது வந்தால், பெயரை மறைத்து, நோயாளி எப்படி மூச்சு விட்டார் என்பதையும் சேர்த்து எழுதி அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா