உங்கள் காரைப் பின்தொடர்வது யார்?

மாணவர்களே, டியூஷன் முடிந்து அம்மாவுடன் காரில் வீடு திரும்புகிறீர்கள். கைப்பேசியில் திடீரென ஓர் எச்சரிக்கை: ஏர்டேக் ஒன்று உங்களுடன் நகர்ந்து வருகிறதாம். வீட்டில் யாரிடமும் ஏர்டேக் இல்லை. அப்படியென்றால் அது யாருடையது?

சாவி, பை போன்றவை தொலைந்தால் கண்டுபிடிக்க ஆப்பிள் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட சிறு வில்லைதான் ஏர்டேக். அதன் எடை 11 கிராம். அதற்குள் ஜிபிஎஸ் கிடையாது. புளூடூத் சமிக்ஞையை விட்டு விட்டு அனுப்பும். அருகில் செல்லும் ஐபோன்கள் அதைப் பிடித்து, இருப்பிடத்தை இணையம் வழியாக உரியவருக்குச் சேர்த்துவிடும். நெரிசலான சாலையில் இது நன்றாக வேலை செய்யும். ஆள் நடமாட்டமற்ற செம்பனைத் தோட்டத்தில் தடுமாறும்.

ஜிபிஎஸ் கருவி வேறு வகை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைப் பெற்றுத் தன் இடத்தைக் கணக்கிடும். அந்த இடத்தைப் பொதுவாகச் சிம் அட்டை மூலம் உரியவருக்கு அனுப்பும்.

ஆக, ஒளிந்திருக்கும் கருவி சமிக்ஞை அனுப்பியே ஆகவேண்டும். அதுவே அதன் பலவீனம். 2024 மே மாதம் முதல் ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டுமே அந்நிய புளூடூத் கருவி உடன் வந்தால் எச்சரிக்கின்றன. ஆனால், சிம் அட்டை உள்ள ஜிபிஎஸ் கருவியை இந்த எச்சரிக்கை காட்டாது. கண்ணால்தான் தேட வேண்டும்.

எங்கே தேடுவது? உலோகம் வானலைகளைத் தடுக்கும். எனவே பிளாஸ்டிக், துணி உள்ள இடங்களை முதலில் பாருங்கள்: பம்பரின் உட்புறம், சக்கரத்தின் மேலுள்ள உறை, இருக்கைக்கு அடியில், பொருள் வைக்கும் பெட்டி. காந்தத்தால் ஒட்டும் கருவி காரின் அடியிலும் இருக்கலாம்.

செய்து பாருங்கள்: கைப்பேசியிலிருந்து புளூடூத் ஒலிபெருக்கியில் பாட்டை ஒலிக்க விடுங்கள். கைப்பேசியை பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடி, மெல்ல விலகிச் செல்லுங்கள். எத்தனை அடியில் பாட்டு தடுமாறுகிறது? டின் இல்லாமல் எத்தனை அடி? ஒப்பிடுங்கள்.

எச்சரிக்கை வந்தால் பதற வேண்டாம். இரவல் வாங்கிய பையில் அதன் உரிமையாளர் வைத்த ஏர்டேக்காகவும் இருக்கலாம். காரணம் தெரியாவிட்டால் நேரே வீட்டுக்குப் போகாமல், பெரியவருடன் காவல் நிலையம் செல்லுங்கள். கருவியைத் தூக்கி எறியாதீர்கள், அது சாட்சி. எச்சரிக்கையையும் கருவி இருந்த இடத்தையும் படம் எடுத்து வையுங்கள். அவசரமென்றால் 999.

மலேசியாவில் ஒருவரை அச்சுறுத்தும் வகையில் மீண்டும் மீண்டும் பின்தொடர்வது, 2023 முதல் தண்டனைச் சட்டம் 507ஏ பிரிவின் கீழ் குற்றம். மூன்றாண்டு வரை சிறை கிடைக்கலாம். ஆகவே விளையாட்டுக்குக்கூட நண்பரின் பையில் ஏர்டேக்கைப் போடாதீர்கள். உங்கள் சாவியைத் தேட அது உதவட்டும். அடுத்தவரைத் தேட வேண்டாம்.