கப்பல் காத்திராது

உல்லாசக் கப்பல்கள் ‘ரோம்’ என்று அறிவித்தாலும், நிற்பது ரோமில் அன்று. சுமார் 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிவிதாவேக்கியா துறைமுகத்தில்தான். அது டிராஜன் பேரரசர் அமைத்த பழந்துறை.

இவ்வழியே செல்லவிருக்கும் என் பெரியம்மாவுக்குப் புனித இராயப்பர் பேராலயத்தைத் தாமே சென்று காண ஆசை. கப்பலார் நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியே போனவர்க்குக் காத்திராது. “ஐந்து நிமிடங்கூடவா?” என்றார். கூடாதுதான்!

ஆகவே இணையத்தில் இத்தாலிய ரயில் அட்டவணையைப் பார்த்து, கணக்கைப் பின்னாலிருந்து போட்டேன். கப்பல் இரவு 7 மணிக்குப் புறப்படும், 6.30க்குள் ஏறிவிட வேண்டும். துறைமுகம் மிகப் பெரியது. நிலையத்திலிருந்து கப்பலை அடைய 1 மணி நேரம் ஒதுக்கினேன். ரயிலுக்கும் ஏறத்தாழ 1 மணி. எனவே 4.30 மணி வண்டியே கடைசி. அது ரத்தானால்? முந்தைய வண்டியையே குறித்தேன். வேலைநிறுத்த அறிவிப்புகளையும் பார்க்க வேண்டும். இத்தாலியில் அவை அடிக்கடி வருவன.

சான் பியத்ரோ நிலையத்தில் இறங்கினால் பேராலயத்துக்கு நடந்தே போகலாம். கப்பல் அங்கு நிற்கும் நாளோ ஞாயிறு. மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் வத்திக்கான் அருங்காட்சியகம் மூடியிருக்கும். “பேராலயத்தில் பூசை உண்டல்லவா? அது போதும்” என்றார் பெரியம்மா.