கூரை ஆராய்வில் ட்றோன்

வீட்டின் உறுப்புகளுள் அதிகம் உழைப்பதும் குறைவாகப் பார்க்கப்படுவதும் கூரையேயாகும். வாயிற்கதவு சற்றே இறங்கினும் அன்றே தச்சரை அழைக்கிறோம்; சுவரில் வெடிப்புக் கண்டால் அடுத்த நாளே சாந்து குழைக்கிறோம். கூரையை மாத்திரம், கார்த்திகை மாதத்து நள்ளிரவிற் கட்டிலின்மேல் நீர் சொட்டும்வரை நாம் நினைப்பதேயில்லை. அப்பொழுதும் ஒழுக்கின்கீழ் ஒரு சட்டியை வைத்துவிட்டு, மழை விட்டபின் பார்ப்போம் என்கிறோம். மழை விட்டதும் ஒழுக்கு நிற்கிறது. அதைப் பற்றிய நினைவும் உடன் நின்றுவிடுகிறது.

எமது முன்னோர் காலத்து யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. பனையோலையாலும் கிடுகாலும் வேய்ந்த கூரை ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டாண்டுக்கு ஒருமுறையோ பிரித்து வேயப்பட்டது. பிரித்த அன்று வளைகளும் சிலாகைகளும் வெயிலைக் கண்டன. உளுத்தது எது, கறையான் ஏறியது எது என்பதை வீட்டுக்காரரும் வேய வந்தவரும் ஒருங்கே கண்டனர். பின்னர் பீலியோடு பரவியது. பாசல் மிசன் சபையார் 1865 இல் மங்களூரில் நிறுவிய தொழிற்சாலையின் வழிவந்த தட்டையோடு அதன் பின் வந்தது. அஸ்பெஸ்ரஸ் சீற்று அதற்கும் பிந்தியது. ஓட்டின் உறுதியே கூரைக்கு ஒரு வகையிற் கேடாயிற்று என்பது எமது கருத்து. பிரிக்க வேண்டிய தேவை அற்றபோது பார்க்க வேண்டிய தேவையும் அற்றதாக எண்ணிவிட்டோம்.

ஏறிப் பார்ப்பது எளிதன்று. பாசி படிந்த ஓடு வழுக்கும். வயதேறிய அஸ்பெஸ்ரஸ் சீற்றோ, பார்வைக்குக் கற்பலகை போன்று தோன்றி, கால் வைத்தவுடன் முறிந்து ஆளைக் கீழே விடும். முறிகையிற் பறக்கும் நுண்ணிழைத் தூசி சுவாசத்துக்குக் கேடு. அஸ்பெஸ்ரசின் எல்லா வகையும் புற்றுநோய் விளைப்பவை என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஏணிகளும் பாதுகாப்பு விதிகளும் செம்மையாகவுள்ள பிரித்தானியாவிலேயே, வேலைத்தலங்களில் நேரும் உயிரிழப்புகளின் முதன்மையான காரணங்களுள் உயரத்திலிருந்து விழுதலும் ஒன்றாக நீடிக்கின்றது. எமது ஊர்களில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலுடன் ஏறுபவருக்கு என்ன காப்பு உண்டு?

ஏறாமற் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. 1858 ஆம் ஆண்டில், ஜேர்மனியின் வெற்ஸ்லார் நகரத்துப் பெருந்தேவாலயத்தை அளவெடுக்கும் பணியில் அல்பிரெக்ற் மைடன்பவர் என்னும் இளங் கட்டடக்கலைஞர் ஈடுபட்டிருந்தார். உயரத்தில் நின்று அளக்கையில் விழ இருந்து மயிரிழையில் தப்பினார். கையால் அளப்பதை விடுத்துப் புகைப்படத்திலிருந்தே அளக்கலாகாதா என்று அவர் சிந்தித்தது அந்த அச்சத்தின் பின்னரே. அச்சிந்தனையே படவழி அளவைக் கலைக்கு ஒரு தோற்றுவாயாயிற்று. 1885 இல் பேர்லினில் அதற்கென அரச நிறுவகமொன்றும் அவர் முயற்சியால் எழுந்தது. அதே 1858 இல், நதார் என்ற புனைபெயர் கொண்ட பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் பரிசு நகரின் அயலிற் பலூனில் ஏறி, வானிலிருந்து முதற் புகைப்படம் எடுத்தார். விழ அஞ்சியவரின் அளவையும் பறக்கத் துணிந்தவரின் கமெராவும் ஒன்றாய்க் கூடியதே இன்று எம் கூரைமேல் நிற்கும் ட்றோன். ஆளில்லா வானூர்தி என்று நல்ல தமிழிற் சொல்லலாம். ஆயினும் ஊரவர் நாவில் ட்றோன் என்ற பெயரே நிலைத்துவிட்டமையின் நாமும் அதனையே ஆள்கிறோம்.

இதன் இயக்கத்தை மாணவர் அறிந்திருத்தல் நன்று. பெரும்பாலும் நான்கு விசிறிகள். அவற்றுள் இரண்டு வலஞ்சுழியாகவும் இரண்டு இடஞ்சுழியாகவும் சுழல்கின்றன. நான்கும் ஒரே பக்கமாகச் சுழன்றால், நியூற்றனின் மூன்றாம் விதிப்படி யந்திரத்தின் உடல் மறுபக்கமாகச் சுழலத் தொடங்கும். எதிரெதிராகச் சுழல்வதால் அத்திருப்பங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. பின்னிரு விசிறிகளின் வேகத்தைக் கூட்டினால் யந்திரம் முன்சாய்ந்து முன்னேறும். சாய்வை அறியும் நுண்கருவிகள் உள்ளேயிருந்து ஒவ்வொரு செக்கனிலும் பன்முறை இவ்வேகங்களைத் திருத்துகின்றன. ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் செய்மதிகளுள் நான்கேனும் கண்ணுக்கு எட்டினால் யந்திரம் தன் இடத்தைத் தானே கணித்துக்கொள்ளும். பனைகளும் மாமரங்களும் நெருங்கிய வளவில் இக்கணிப்புத் தடுமாறுவதுண்டு. கம்பி வைத்த கொங்கிறீற்றுத் தளத்திலோ தகரக் கூரையிலோ வைத்துக் கிளப்பினால் அதன் திசைகாட்டி மயங்கும். ஆதலால் முற்றத்து மண்ணிலிருந்தோ மரப்பலகையிலிருந்தோ எழுப்புதல் வேண்டும். சிறிய ட்றோன்கள் பலவற்றின் பற்றரி நெடுநேரம் தாங்காது.

ட்றோன் வைத்திருப்போர் பலர் செய்யும் பிழை யாதெனில், உயரத்தில் நிறுத்தி ஓர் அழகிய படத்தை எடுத்து, கூரை நலமென்று கூறிவிடுதலாகும். இயல்பொத்த முக்கோணிகளைப் படித்த எவருக்கும் இதன் தவறு புலப்படும். கமெராவினுள் ஒளி விழும் தகடு 6 மில்லிமீற்றர் அகலமுடையது என்றும், அவ்வகலத்தில் 4000 படப்புள்ளிகள் உள்ளன என்றும், வில்லையின் குவியத் தூரம் 4.5 மில்லிமீற்றர் என்றும் கொள்வோம். ஒரு புள்ளியின் அகலம் 0.0015 மில்லிமீற்றராகும். ட்றோன் கூரையிலிருந்து 30 மீற்றர் தூரத்தில் நின்றால், அந்த ஒரு புள்ளி கூரையில் 10 மில்லிமீற்றரை அடக்கும். 3 மீற்றருக்கு இறங்கினால் 1 மில்லிமீற்றரை அடக்கும். ஒரு கோட்டை வெடிப்பென்று துணிவதற்கு இரண்டு மூன்று புள்ளிகளாவது வேண்டும். ஆகவே 30 மீற்றரிலிருந்து பார்த்தால் ஓர் ஓடு முழுதாய்ச் சறுக்கியிருப்பது தெரியும். அதே ஓட்டில் 3 மில்லிமீற்றர் வெடிப்பு இருப்பது தெரியாது. மழைநீருக்கோ 3 மில்லிமீற்றர் ஒரு பெருவாசல்.

ஆதலின் முதலில் உயரத்திலிருந்து முழுக் கூரையையும் ஒரு படத்தில் அடக்கிக்கொண்டு, பின்னர் தாழ இறங்கி, ஒவ்வொரு சரிவையும் வரிசை வரிசையாக, முன்படத்தின் பெரும்பகுதி அடுத்த படத்திலும் விழுமாறு எடுத்துச் செல்லுதல் வேண்டும். இரு கண்ணாற் பார்த்து ஆழத்தை அறிவது போல, இவ்வாறு மேற்கவிந்த படங்களிலிருந்து கணினி கூரையின் மேடுபள்ளங்களையும் வகுத்துத் தரும். முகடு தொய்ந்திருப்பது இதிலேதான் வெளிப்படும். நேரமும் முக்கியம். உச்சி வெயிலில் ஓடெல்லாம் ஒரே தட்டையாகத் தோன்றும். காலைச் சாய்வெயிலில் நிலைபெயர்ந்த ஓடு தன் நிழலாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும். சிறுமழை பெய்து ஓடு காயத் தொடங்கும் வேளை இன்னும் சிறந்தது. வெடிப்பு ஈரத்தைப் பிடித்து வைத்திருந்து கருங்கோடாகத் தெரியும். வெப்பத்தைப் படமாக்கும் கமெராக்களும் உள. கொங்கிறீற்றுத் தட்டைக் கூரையிற் பூச்சுக்கு அடியில் தங்கிய நீரை, பொழுது சாய்ந்தபின் அது மெதுவாகக் குளிர்வதைக் கொண்டு அவை அறியும். ஓட்டுக் கூரைக்கு அவற்றால் அத்துணைப் பயனில்லை.

இனி எமது அநுபவம் ஒன்று. எம்முடன் ஒரே வகுப்பிற் பயின்று இப்பொழுது இலண்டனில் வாழும் நண்பர் ஒருவருக்கு ஊரில் பாட்டனார் கட்டிய நாற்சார் வீடொன்று உண்டு. பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. திருத்துவதா, இடிப்பதா என்று அவர் எம்மிடம் கேட்டெழுதினார். அயலிலுள்ள இளைஞர் ஒருவரின் ட்றோனைக் கொண்டு, புரட்டாதி மாதத்துக் காலையொன்றிற் கூரையை ஆராய்ந்தோம்.

யந்திரம் எழுந்ததும் முதலில் வந்தவை காகங்கள். அவற்றின் ஆரவாரம் அடங்குமுன் மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது: "தம்பி, கிணத்தடியிலை ஆக்கள் நிக்கினம், உதை இறக்குங்கோ!" நாம் வெட்கித்துப் போனோம். அயல் வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லியிருத்தல் எமது கடமை. கூரையைப் பார்க்கப் போன கண், வேலி மதில்களுக்குள் அடக்கமாய் நடக்கும் வாழ்வையும் கேளாமலே பார்த்துவிடும் என்பது எமக்குத் தோன்றாமற் போயிற்று. இறக்கி, மன்னிப்புக் கேட்டு, அரைமணி நேரம் கழித்து மீண்டும் எழுப்பினோம்.

படங்கள் தெளிவாயிருந்தன. முகட்டோட்டின் சாந்து ஓரிடத்தில் விட்டிருந்தது. தேங்காய் விழுந்து நொறுங்கிய ஓடுகள் சில. முற்றத்தைச் சுற்றிய நான்கு சரிவுகளும் மூலைகளிற் கூடும் பள்ளங்களுள் ஒன்றில், தகரப் பீலியை மாவிலைச் சருகு அடைத்திருந்தது. இருபது ஓடும் ஒரு நாள் வேலையும் போதும் என்று நண்பருக்கு எழுதினோம். மறு வாரம் ஏறுவதற்கு இருவரை ஒழுங்கும் செய்தோம்.

அவர்களுள் மூத்தவர் ஏணியைச் சாத்துமுன் வீட்டினுள்ளே போனார். கையில் ஒரு ரோச் லைற்றும் ஒரு நீண்ட ஆணியும் மாத்திரமே. அடைபட்ட பீலிக்கு நேர்கீழே, வளைகள் சுவரில் தங்கும் இடத்தில் ஆணியைக் குத்தினார். அது விரலளவு எதிர்ப்பின்றி உள்ளே சென்றது. முதிர்ந்த பனையின் வைரம் கறையானுக்கு எளிதில் இடங்கொடாது; ஆயினும் உட்சோறு சரிவர நீக்கப்படாத வளையில் ஈரம் ஆண்டாண்டாய் இறங்கினால் அதுவும் உளுத்துப்போகும். மூன்று வளைகளின் நுனிகள் அவ்வாறு போயிருந்தன. மேலே ஓடுகளோ வரிசை குலையாது கிடந்தன. எமது படத்தில் அக்கூரை முழுவதிலும் அழகாயிருந்த மூலை அதுவே. "ஐயா, இதிலை ஏறியிருந்தால் ஓட்டோடை நானும் வந்திருப்பன்" என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். எமக்கு அன்று முழுவதும் மனம் ஆறவில்லை. ஏறுபவரைக் காக்கவென்றே கொண்டுவந்த யந்திரத்தின் படத்தை நம்பி அவரை ஆபத்தான மூலைக்கே அனுப்ப இருந்தோம்.

பிழை யந்திரத்தினதன்று. பீலி அடைபட்டிருப்பதை அது காட்டியே இருந்தது. அடைபட்ட நீர் எங்கே போயிருக்கும் என்று கேட்டிருக்க வேண்டியவர்கள் நாம். ட்றோன் தோலைப் பார்க்கும், எலும்பைப் பார்க்காது. மேலே ஒரு குறை தெரிந்தால், அதற்கு நேர்கீழே உள்ளிருந்து வளையையும் சிலாகையையும் தட்டியும் குத்தியும் பார்த்த பின்னரே எவரையும் ஏற்றுதல் வேண்டும் என்பதை அன்றிலிருந்து விதியாகக் கொண்டுள்ளோம். சீலிங் அடித்த வீடுகளில் ஒரு பலகையைக் கழற்றியேனும் இதனைச் செய்தல் தகும்.

ட்றோன் வாங்க எண்ணும் மாணவருக்கு ஒரு சொல். இலங்கையில் இதனைப் பறக்கவிடுதல் பட்டம் ஏற்றுவது போன்றதன்று. சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை பதிவும் அனுமதியும் பற்றி விதிகள் வகுத்துள்ளது. 2019 ஏப்ரல் மாதத்துக் குண்டுத் தாக்குதல்களின் பின்னர் ட்றோன் பறத்தல் சில காலம் முற்றாகத் தடுக்கப்பட்டும் இருந்தது. அதே ஆண்டு ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. அதன் அயலிலுள்ளோர் இரட்டிப்பு அவதானம் கொள்ளுதல் வேண்டும். பட்டத்தைக் குறிப்பிட்டமையால் இதனையும் சொல்லிவிடுகிறோம்: தைப்பொங்கலை ஒட்டிய நாட்களில் வடமராட்சி வானில் ட்றோனை எழுப்பாதிருத்தல் நலம். பட்ட நூல் விசிறியிற் சுற்றினால் ட்றோன் கூரைமேலேயே விழும். அதை எடுக்க ஒருவர் ஏற வேண்டும்.

நண்பருக்கு இரண்டாவது கடிதம் எழுதி, முதற் கடிதத்திற் கூறியது தவறென்று ஒப்புக்கொண்டோம். உளுத்த நுனிகளின் படங்களையும், திருத்தச் செலவின் புதிய கணக்கையும் உடன் அனுப்பினோம். கணக்கு மும்மடங்காயிருந்தது. வீட்டை இடிக்கச் சொல்வார் என்றே எதிர்பார்த்தோம். "வளையை மாற்றுங்கள், ஆனால் அந்த மனுசரையே பிடியுங்கள்" என்று மறுமொழி வந்தது. ஐப்பசி பிறக்குமுன் மூன்று வளைகளும் மாற்றப்பட்டன. பீலியும் துப்புரவாக்கப்பட்டது. வேலை முடிந்த மறுநாட் காலை ஏழரை மணிக்கு, அயலாரிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு மூலையையும் 3 மீற்றர் தூரத்திலிருந்து மீண்டும் படம் எடுத்து வைத்திருக்கிறோம். அடுத்த புரட்டாதியில் அதே மணிக்கு, அதே தூரத்தில் எடுக்கும் படத்துடன் அவற்றை ஒப்பிட இருக்கிறோம்.