நிற்கவைத்தும் ஒருமுறை அளந்து பார்

அன்புள்ள செல்வத்துக்கு,

அத்தை எழுதுவது. அண்ணன் படுக்கையை விட்டு எழுந்ததும் கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டாராம். பிரஷர் மாத்திரையால்தான் என்று நீயே அதை நிறுத்திவிட்டாயாம். அண்ணி போனில் சொன்னார்கள். சில மாத்திரைகளைச் சட்டென நிறுத்தினால் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறிவிடும். இன்றே டாக்டரிடம் பேசு.

எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கும். கழுத்து ரத்தக்குழாயில் உள்ள நரம்பு முனைகள் அதை உணர்ந்து, இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்து, ரத்தக்குழாய்களைச் சுருக்கி, அழுத்தத்தை நிமிர்த்திவிடும். வயதானாலோ, நாள்பட்ட சர்க்கரையால் நரம்பு கெட்டாலோ, உடம்பில் நீர் வற்றினாலோ இது சரியாக நடக்காது. மூளைக்குப் போகும் ரத்தம் அந்த நேரம் குறைவதால்தான் தலைசுற்றுகிறது. பிரஷர் மாத்திரை மட்டுமல்ல, ப்ராஸ்டேட்டுக்கும் மன அழுத்தத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளும் இதைச் செய்யும்.

உட்காரவைத்து மட்டும் பிரஷரை அளந்தால் இது தெரியாது. 5 நிமிடம் படுக்கவைத்து அளந்துகொள். பிறகு நிற்கவைத்து, 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் அளந்து பார். நீ பக்கத்திலேயே நில். மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அதுதான் கோளாறு. அந்த எண்களையும், போடுகிற எல்லா மாத்திரைகளையும் டாக்டரிடம் கொண்டு போ. அளவைக் குறைப்பதா, வேளையை மாற்றுவதா என்று அவர் சொல்லட்டும்.

அதுவரை, இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தால் கட்டில் ஓரத்தில் ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழச் சொல். விடிவிளக்கு எரியட்டும். கொதிக்கக் கொதிக்கக் குளிக்க வேண்டாம். தண்ணீர் குறையாமல் குடிக்கட்டும். பிரஷர்காரருக்கு உப்புக் கரைத்துக் கொடுத்துவிடாதே. சர்க்கரை இறங்கிவிட்டதென்று ஊகித்து இனிப்பைத் திணிக்காமல், குளுக்கோமீட்டரில் பார்த்துவிட்டுக் கொடு.

மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ, மலம் கறுத்துப் போனாலோ காத்திருக்காதே. உடனே 108-ஐக் கூப்பிடு.

இத்தனை வருஷம் நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன்: இந்த வயதில் தலைசுற்றலை விட, அதனால் விழுந்து இடுப்பு எலும்பு முறிவதுதான் பெரிய ஆபத்து. அண்ணன் கீழே விழாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அத்தை