டோர்னியரிலிருந்து ஏடிஆருக்கு

அன்புள்ள வாசகருக்கு,

மீனம்பாக்கத்தில் கடற்படை டோர்னியர் ஓட்டுகிறீர்கள், வீடு வாலாஜாபாத்தில், ஷார்ட் சர்வீஸ் முடியப்போகிறது. சின்ன ஏர்லைன் ஒன்று சீக்கிரமே கேப்டன் ஆக்குவதாகச் சொல்கிறது. பெரிய கம்பெனியின் ஏடிஆர் ப்ரொப்பெல்லர் விமானப் பிரிவில் துணை விமானியாகவும் சேரலாம். எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: இரண்டாவதை.

நம் பக்கத்துக் கதையைப் பாருங்கள். சென்னையிலிருந்து 2005-இல் எம்ப்ரேயர் ஜெட்களோடு கிளம்பிய பாரமவுண்ட் 2010-இல் நின்றது. பெங்களூரின் ஏர் பெகாசஸ் 2015-இல் வந்து, 2016-இல் போனது. விஜயவாடாவின் ஏர் கோஸ்டாவும் கோவையின் ஏர் கார்னிவலும் 2017-இல் முடங்கின. ஹைதராபாத்தின் ட்ரூஜெட் 2022-இல். ஓட்டியவர்களிடம் ஒரு குறையும் இல்லை. பெரும்பாலும் குத்தகைக்கு எடுத்த விமானத்துக்குப் பணம் கட்ட முடியாமல் போனதுதான் காரணம்.

சேலத்தை நினைத்துப் பாருங்கள். உடான் என்னும் பிராந்திய விமான சேவைத் திட்டத்தில் 2018 மார்ச்சில் ட்ரூஜெட் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் ஒரு தடத்துக்கு அரசு மானியம் மூன்று ஆண்டுதான். 2021-இல் சேவை நின்றது. மறுபடி விமானம் வந்தது 2023 அக்டோபரில். இந்த முறை அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும். ஆகவே சின்ன கம்பெனியின் இன்டர்வியூவில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதல்ல. எந்தத் தடத்துக்கு மானியம் எப்போது முடிகிறது, அதற்கப்புறம் அந்த விமானம் எங்கே பறக்கும்? அங்கே வேலையை விட்டவர்கள் இருவரைத் தேடிப் பிடித்து, சம்பளம் தேதிக்கு வந்ததா, பி.எஃப். கட்டினார்களா என்றும் விசாரியுங்கள்.

மூன்றாவதாக ஒரு வழியும் தோன்றலாம். அலையன்ஸ் ஏரில் டோர்னியரே இருக்கிறது: கான்பூரில் எச்ஏஎல் செய்த 17 இருக்கை விமானம், 2022 ஏப்ரலில் திப்ருகர்–பாசிகாட் தடத்தில் இறங்கியது. அரசு கம்பெனி, பழகிய காக்பிட், ஆசை வரும். ஆனால் அந்த வேலை அருணாச்சலத்தை ஒட்டி. கைக்குப் புது விமானமும் வராது.  

ஏடிஆரை மட்டமாக நினைக்கிறவர்கள் உண்டு. உங்களுக்கு அது பொருந்தும் விமானம். உயரப் போய் மழை மேகத்தைத் தாண்டிவிட முடியாது, அதன் உச்சவரம்பே 25,000 அடி. ஐப்பசி மழையில் மேகங்களுக்கு நடுவிலேயே வழி பார்க்க வேண்டும். கடல்மேல் தாழப் பறந்தவருக்கு அது புதிதல்ல. புதிதாக இருக்கப்போவது தரையில் நடப்பது. தூத்துக்குடியில் பயணிகள் பின்கதவால் இறங்குகிறார்கள், முன்பக்கத்தில் சாமான் இறங்குகிறது, தரையில் மின்சாரம் தரும் தனி துணை எஞ்சின் (ஏபியு) கிடையாது என்பதால் வலது எஞ்சின் ப்ரொப்பெல்லரைப் பிரேக் போட்டு நிறுத்தி, எஞ்சினை மட்டும் ஓடவிட்டு ஏசியும் மின்சாரமும் எடுக்கிறார்கள். லோட் ஷீட் வருகிறது, கையெழுத்து, மறுபடி சென்னை. ஒரே நாளில் இதுபோல் பல தடவை. ஒரகடத்தில் ஷிப்ட் பார்ப்பவரைப்போல வேலையை எண்ணிக்கையில் பார்க்கப் பழக வேண்டும்.

லெப்டினன்ட் கமாண்டர் என்ற பட்டம் அங்கே செல்லாது. சீனியாரிட்டி நீங்கள் சேர்ந்த தேதியிலிருந்து. உங்களைவிடப் பத்து வயது சின்னவர் கேப்டனாக இடது இருக்கையில் இருப்பார்; அதைச் சகிக்க முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அவசரப்படக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம், விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ 2017-இல் போட்ட விதி: துணை விமானி விலக 6 மாத நோட்டீஸ், கேப்டன் என்றால் 12 மாதம். சீக்கிரம் கேப்டனாகி, சம்பளம் வராத கம்பெனியில் ஒரு வருடம் மாட்டிக்கொள்வது லாபமா? அந்த நேரத்தில் கைகொடுக்க ஷார்ட் சர்வீஸ்காரர்களுக்குப் பென்ஷனும் இல்லை.

பரந்தூரில் புது விமான நிலையம் வந்தால் வீட்டிலிருந்தே டூட்டிக்குப் போகலாம் என்று எழுதியிருந்தீர்கள். அங்குள்ள ஏகனாபுரத்துக்காரர்கள் 2022 முதல் அதற்கு நிலத்தைத் தர மாட்டோம் என்று நிற்கிறார்கள். அவர்கள் வயலை உங்கள் கணக்கில் எழுதாதீர்கள். மீனம்பாக்கம் போதும்.

பேப்பர் போடுவதற்கு முன்பே நேவிகேஷன், மெட், ரெகுலேஷன் தேர்வுகளையும் ரேடியோ உரிமத்துக்கான ஆர்டிஆரையும் முடித்து, கிளாஸ் ஒன் மெடிக்கலை வாங்கிவிடுங்கள். டைப் ரேட்டிங் பாண்டில் கையெழுத்திடும் முன் காஞ்சிபுரத்தில் ஒரு வக்கீலிடம் அதை வரிவரியாகப் படிக்கக் கொடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்