மறுப்பும் சாட்சியமாகுமா?

கேள்வி: "வெள்ளையரின் மனநலிவு" என்று அமெரிக்கர் விவாதிக்கும் கொள்கை சரியானதா? நமக்கும் அது பொருந்துமா? (ஒலுவில் வாசகர்)

பதில்: நிறபேதத்தைப் பற்றிய பேச்சு எழுந்த மாத்திரத்தில் வெள்ளையர் சினந்தோ, கண்ணீர் சிந்தியோ, மௌனம் சாதித்தோ அப்பேச்சையே முடித்துவிடுகிறார்கள் என்று ராபின் டி ஆஞ்சலோ அம்மையார் 2011இல் எழுதியதில் உண்மை உண்டு. ஆனால், மறுப்பவரின் மறுப்பையே குற்றத்துக்குச் சாட்சியமாகக் கொண்டால் நியாயமான ஆட்சேபத்துக்கு இடம் ஏது? கறுப்பின மொழியறிஞர் ஜோன் மக்வோர்ட்டர் 2020இல் இக்கொள்கை பற்றி அம்மையார் எழுதிய நூலைக் கடுமையாகக் கண்டித்தது நியாயமென்றே கருதுகிறேன். நடத்தையை விளங்கிக்கொள்ள அக்கொள்கை உதவும். மனிதருக்குத் தீர்ப்பு வழங்க உதவாது.

நம் பிரதேசத்தில் பெரும்பான்மை எது என்பதே ஊருக்கு ஊர் மாறும். எனினும் பேச்சை முளையிலேயே முடித்துவிடும் அந்த மனோபாவம் இங்கும் உண்டு. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட அநீதியைச் சொல்லத் தொடங்கியதுமே, "இராணுவம் எங்களைக் கொன்றபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று தமிழ்ச் சகோதரர் சிலர் குறுக்கிடுகிறார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் வீரமுனையில் கொல்லப்பட்ட தமிழரைப் பற்றிப் பேசினால், முஸ்லிம்களான நம்மவர் சிலர், நம் மக்கள் மாண்ட காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலையைச் சொல்லி வாயடைக்கிறார்கள். இனி யாராவது வீரமுனையைப் பற்றிச் சொல்ல வந்தால், தயவுசெய்து அவர் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள்.