எடைக்கருவியும் ஒரு நோட்டும்

எங்கள் ஊர்க் கபடி அணியைப் பன்னிரண்டு ஆண்டுகளாக நடத்திவருகிறேன். 2014இல் புரோ கபடி தொடங்கிய பிறகு, டிவியில் ஆட வேண்டும் என்ற ஆசை எல்லாப் பையன்களுக்கும் வந்துவிட்டது. பழக்கம் மட்டும் பழையபடியே இருந்தது.

அதை மாற்ற நான் முதலில் கை வைத்தது எடையில். ‘60 கிலோ கபடி’, ‘65 கிலோ கபடி’ என்று ஊர்ப் போட்டிக்கு நோட்டீஸ் அடிப்பார்கள். இரண்டு கிலோ கூடுதலாக உள்ள பையன் முந்தின நாள் சோறு, தண்ணீர் தொடாமல் வெயிலில் ஓடிவிட்டு எடை போட வருவான். தேறிவிட்டால் கைதட்டுவோம். நள்ளிரவில் இரண்டாவது ஆட்டத்தின்போது அவனே கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு விழுவான். ஒரு எடைக்கருவி வாங்கினேன். ஞாயிறுதோறும் காலையில் எடை பார்த்து நோட்டில் எழுதினேன். போட்டிக்கு ஒரு வாரம் முன்பு எடைக்குள் வராதவன் அந்தப் போட்டியில் இல்லை. இதற்கு முதலில் துணை நின்றவர்கள் அம்மாக்கள்தான்.

அதே நோட்டில் ஆட்டக் கணக்கும் ஏறியது. கூட்டம் விசிலடித்துக் கொண்டாடும் எங்கள் ரைடர் ஒரு ஆட்டத்தில் 18 முறை பாடப் போய் 4 புள்ளிதான் எடுத்திருந்தான். யாரும் கவனிக்காத இடது கார்னர் பையன் ஐந்து பேரைப் பிடித்திருந்தான். எழுதிப் பார்க்கும்வரை எனக்கே இது தெரியாது.

மேட் என்னும் விரிப்பு வேறு உலகம். மண்ணில் வெறுங்கால் வழுக்கிக்கொண்டு திரும்பும். மேட் மேல் ஷூ பிடித்துக்கொள்ளும், முட்டி திருகும். அணித் தேர்வன்று பையனுக்குப் புது ஷூ மாட்டிவிடாதீர்கள், ஒரு மாதம் முன்பே போட்டுப் பழக்குங்கள். இன்னொன்று, பரிசுப் பணத்தின் வரவுசெலவைப் பையன்கள் முன்னால் வாசியுங்கள். அதில் ஒரு பங்கைச் சிகிச்சைக்கென்று ஒதுக்குங்கள்.

அந்தப் பங்கை ஒதுக்க வேண்டும் என்று எனக்குத் தாமதமாகத்தான் தோன்றியது. ஒரு அரையிறுதியில் தோளைப் பிடித்துக்கொண்டு வந்த பையனிடம், “ஆட முடியுமாடா?” என்று கேட்டேன். “ஆடுறேண்ணே” என்றான். ஆடினான், ஜெயித்தோம். அந்தத் தோள் இன்றுவரை முழுதாகச் சரியாகவில்லை. பயிற்சியாளர்களே, அடிபட்ட பையனிடம் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். அவன் ஆடுகிறேன் என்றுதான் சொல்வான். உட்கார வையுங்கள்.